மகளின் ஆய்வுக்கு மூன்றரை சென்ட்

கேள்வி: எனக்கு நெடுங்காடு பக்கம் இரண்டு ஏக்கர். சம்பா அறுப்புக்கு முன் உளுந்து தெளிப்பது வழக்கம். மகள் காரைக்கால் வேளாண் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். திட்டப்பணிக்கு நம் வயலையே எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். அதில் சில பாத்திகளுக்கு டிஏபி தெளிக்கவே கூடாதாம். முதலில் எட்டு விதமான தெளிப்பு என்றாள், இப்போது குறைக்கலாம் என்கிறாள். உளுந்துக் காசில்தான் நகைக் கடனுக்கு வட்டி கட்டுகிறேன். தெளித்தால் நல்லது என்று தெரிந்த பிறகு எதற்குத் தெளிக்காமல் விட வேண்டும்? நட்டம் வந்தால் யார் பொறுப்பு?

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. படிக்கும் பிள்ளையின் ஆசைக்காக வீட்டு வருமானத்தைப் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன். வைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

நான்காண்டு வேளாண் பட்டப்படிப்பில் மாணவர்கள் ஏட்டுப் படிப்போடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக 2015-இல் நாடு முழுவதும் 'ஸ்டூடண்ட் ரெடி' என்ற திட்டம் வந்தது. கிராமத்தில் தங்கி உழவர்களோடு வேலை கற்பது, செயல்முறைப் பயிற்சி, மாணவர் திட்டப்பணி எல்லாம் அதில் அடங்கும். திட்டப்பணி என்பது பெரிய கண்டுபிடிப்பு அல்ல. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒரு பருவத்துக்குள், நம்பத் தகுந்த பதிலைக் கொண்டுவருவது. அந்தக் கேள்வி உங்கள் வயலிலிருந்து வந்தால் பட்டத்துக்கும் உதவும், வீட்டுக்கும் உதவும்.

உங்கள் வயலின் கேள்வி என்ன? பூக்கும் பருவத்தில் இலைவழி ஊட்டம் கொடுத்தால் உளுந்து நன்றாகக் காய்க்கும் என்பது பரிந்துரை. 2 சத டிஏபி கரைசலைப் பூ எடுக்கத் தொடங்கும்போது ஒரு முறையும், 15 நாள் கழித்து ஒரு முறையும் தெளிக்க வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்றால் ஏக்கருக்கு 2 கிலோ, பூக்கும் பருவத்தில் ஒரே முறை. ஆள் கிடைப்பதும் கூலி கொடுப்பதும்தான் இன்று உங்களுக்குப் பெரிய தலைவலி. அப்படியானால் கேட்க வேண்டியது இதுதான்: ஆற்றின் கடைமடையில், மிச்ச ஈரத்தில் வளரும் என் உளுந்துக்கு இரண்டு முறை ஆள் விட்டு டிஏபி தெளிப்பது லாபமா, ஒரு முறை பயறு ஒண்டரோடு முடிப்பது லாபமா? எட்டு விதம் வேண்டாம். டிஏபி, பயறு ஒண்டர், எதுவும் கலக்காத வெறும் தண்ணீர் என்று மூன்று நேர்த்தி போதும்.

தெளிக்காத பாத்தி எதற்கு?

போன வருடம் தெளித்தேன், நன்றாக விளைந்தது என்பீர்கள். விளைந்தது தெளிப்பாலா, தை மாதம் பெய்த ஒரு மழையாலா, வாய்க்கால் பக்கத்து மண் ஈரத்தாலா? தெளிக்காத பாத்தி பக்கத்தில் இருந்தால்தான் சொல்ல முடியும். மகள் 'கண்ட்ரோல்' என்று சொல்வது அந்தப் பாத்தியைத்தான். தராசில் படிக்கல் மாதிரி அது. படிக்கல் இல்லாமல் எடை போட முடியாது.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற ஊரின் கோதுமை வயலில் 1843 முதல் இன்றுவரை எந்த உரமும் போடாத ஒரு பட்டை இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலிலும் உரமிடாத பாத்திகள் உண்டு. உரம் போட்ட பாத்திகளின் பலன் என்ன என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருப்பவை அந்த வெறும் பாத்திகள்தான்.

ஒப்பீட்டுப் பாத்தி என்றால் பயிரைச் சாக விடுவது என்று நினைக்க வேண்டாம். விதை நேர்த்தி, பூச்சி நோய்ப் பாதுகாப்பு எல்லாம் எல்லாப் பாத்திக்கும் ஒன்றுபோலச் செய்யலாம். மஞ்சள் தேமல் வந்த செடியை எல்லாப் பாத்தியிலும் பிடுங்கலாம். வேறுபாடு தெளிப்பில் மட்டும்தான்.

எவ்வளவு இடம், எவ்வளவு நட்டம்?

ஒரு பாத்தி 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். மூன்று நேர்த்தி, ஒவ்வொன்றும் ஏழு முறை, ஆக 21 பாத்தி. ஏன் ஏழு என்பது மகளுக்குத் தெரியும்: பிழைக்கான டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 12-க்குக் குறையக் கூடாது என்பது வழக்கம், 2 × 6 = 12. எட்டு நேர்த்தி வைத்திருந்தால் ஏறக்குறைய இதே இடத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பாத்திதான் கிடைத்திருக்கும். மூன்று பாத்தியை வைத்து ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பாத்திகளுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி விட்டாலும் மொத்தம் 15 சென்டுக்குள் அடங்கிவிடும். இதில் எதுவும் கிடைக்காத ஏழு பாத்திகளின் பரப்பு 140 சதுர மீட்டர், அதாவது சுமார் மூன்றரை சென்ட். தெளிப்பால் ஏக்கருக்கு 60 கிலோ கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மூன்றரை சென்டில் நீங்கள் இழப்பது ஏறக்குறைய இரண்டு கிலோ உளுந்து. மிச்ச நிலம் முழுவதற்கும் வழக்கம்போலத் தெளித்துக்கொள்ளுங்கள். நகைக் கடன் வட்டிக்கு ஆபத்தில்லை.

பாத்தி போடும் முறை

நெல் தரிசில் வரப்பு வெட்டக் கூடாது, ஈரம் போய்விடும். குச்சி நட்டுக் கயிறு கட்டினால் போதும். நம் காரைக்கால் வயல்களில் வாய்க்கால் தலைப்பு ஒரு மாதிரி, வடிகால் பக்கத்துப் பள்ளம் ஒரு மாதிரி. கடலை ஒட்டிய ஊர்களில் பள்ளத்தில் உப்பும் ஏறியிருக்கும். ஆகவே மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி வயலை ஏழு தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று நேர்த்தியும் இருக்கும்படி வைக்க வேண்டும். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். நல்ல இடமாகப் பார்த்து டிஏபிக்குக் கொடுக்கும் ஆசை அப்பாவுக்கும் வரும், மகளுக்கும் வரும். அந்த ஆசையைச் சீட்டு தடுத்துவிடும்.

விதைப்புக்கு முன்பே ஒவ்வொரு தொகுதியிலும் 15 செ.மீ. ஆழத்தில் மண் எடுத்துச் சோதிக்கக் கொடுங்கள். மின்கடத்தும் திறன் 4 டெசிசைமனைத் தாண்டிய இடத்தைச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். அது உப்பைப் பற்றிய வேறு கேள்வி, வேறு ஆய்வு.

அறுவடை மெஷின் ஓடும் இடத்தில் சக்கரத் தடத்தில் முளைத்த உளுந்து நசுங்கும், பாத்திக்குப் பாத்தி செடி எண்ணிக்கை மாறும். சோதனைக்கான 15 சென்டை மட்டும் கையால் அறுத்துவிடுங்கள். அறுப்பு முடிந்ததும் ஊர் ஆடு மாடு வயலில் இறங்கும். மேய்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஒரு நாள் மேய்ச்சலில் மொத்த ஆய்வும் போய்விடும்.

தெளிப்பும் எடையும்

ஏக்கருக்கு 200 லிட்டர் என்ற கணக்கில் ஒரு பாத்திக்கு ஒரு லிட்டர் வரும். டிஏபி லிட்டருக்கு 20 கிராம். முதல் நாள் மாலையே கொஞ்சம் தண்ணீரில் ஊற வைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்து அளவுக்கு நிரப்ப வேண்டும். பயறு ஒண்டர் லிட்டருக்கு 10 கிராம். ஒப்பீட்டுப் பாத்திக்கு அதே ஒரு லிட்டர் வெறும் தண்ணீர். இரண்டாம் முறை டிஏபி தெளிக்கும் நாளில் மற்ற இரண்டுக்கும் தண்ணீர் மட்டும் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறுபாடு உரத்தால் வந்ததா, ஈரத்தால் வந்ததா என்ற சந்தேகம் நிற்கும். காற்றில்லாத மாலை நேரத்தில், பாத்திகளுக்கு நடுவே சாக்கைப் பிடித்துக்கொண்டு தெளியுங்கள்.

அறுக்கும்போது ஓரத்தில் அரை மீட்டரை விட்டு, நடுவில் உள்ள 12 சதுர மீட்டரை மட்டும் எடைக்கு எடுக்க வேண்டும். இங்கே 50 கிராம் தவறாக நிறுத்தால் ஏக்கர் கணக்கில் 17 கிலோ தவறு. நன்றாகக் காய வைத்து, ஒரே தராசில், ஒரே நாளில் 21 பாத்தியையும் நிறுத்துவிடுங்கள். கூலி, உரம், செலவான நேரம் எல்லாவற்றையும் மகள் நோட்டில் அன்றன்றே எழுதட்டும். விளைச்சல் கூடியும் கூலியில் கரைந்துவிட்டால் அதுவும் தெரிய வேண்டும்.

காலம் காத்திருக்காது

உளுந்துக்கு விதைப்பு அவகாசம் மிகக் குறைவு. அறுப்புக்கு 7 முதல் 10 நாளுக்கு முன், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை தெளித்தாக வேண்டும். பதம் போனால் இந்த ஆண்டு ஆய்வு இல்லை, பட்டம் வாங்கும் நாளும் தள்ளிப் போகலாம். ஆகவே ஆசிரியரின் ஒப்புதல், வரைபடம், மண் மாதிரி எல்லாம் மார்கழிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மூன்று நேர்த்தியும் ஒரே விளைச்சல் கொடுத்தால் ஆய்வு தோற்றதாக அர்த்தமில்லை. 'இந்த வயலில் இந்தப் பருவத்தில் தெளிப்பால் வேறுபாடு தெரியவில்லை' என்பதும் ஒரு முடிவுதான். பருவம் தப்பிய மழை கெடுத்திருந்தால் அதையும் எழுத வேண்டும். மதிப்பெண்ணுக்காக எண்ணை மாற்றி எழுதினால், அதை நம்பிக் கடன் வாங்கித் தெளிக்கப் போவது உங்களைப் போன்ற இன்னொரு உழவர்.

கேள்வி: எங்கள் வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இல்லை. நாங்களும் இப்படிப் பார்க்க முடியுமா? (திருநள்ளாறு வாசகி)

பதில்: தாராளமாக. புதிதாக எந்த மருந்தோ உரமோ வாங்கினாலும், வயலின் மூன்று இடங்களில் தெளிப்பான் அகலத்துக்கு ஒரு பட்டையை விட்டுவிட்டுத் தெளியுங்கள். நான்கு மூலையிலும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அறுப்பின்போது பட்டையையும், பக்கத்தில் அதே அளவு இடத்தையும் தனித்தனியே அறுத்து எடை போடுங்கள். மூன்று இடத்திலும் தெளித்த பக்கம் கூடினால் அடுத்த ஆண்டும் வாங்கலாம். ஒன்றில் கூடி இரண்டில் கூடவில்லை என்றால் கடைக்காரர் பேச்சை மட்டும் நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். எடை எழுதிய நோட்டோடு உங்கள் உழவர் உதவியகத்துக்கோ, மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். எண் கையில் இருந்தால் அங்கே பேச்சு வேறு மாதிரி நடக்கும்.