வேஷம் கலைக்கவும் நேரம் ஒதுக்குங்கள்

கோடை வந்தால் பிரம்மதேசம், திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசி நாள் படுகளமும் தீமிதியும். நாடகத்தையும் பிற கலைகளையும் மனநலச் சிகிச்சைக்குப் பயன்படுத்துகிறவர்கள் நாம். நம்மில் எத்தனை பேர் இந்தக் கூத்தை விடியும்வரை உட்கார்ந்து பார்த்திருப்போம்?

திரௌபதியின் சேலையை உரியும் துகில் கூத்தை மட்டுமாவது பாருங்கள். பல ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். திரௌபதியாக நிற்பவர் முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, செய்யப்போவதைப் பொறுத்தருளும்படி அம்மனிடம் வேண்டிக்கொள்வார். அதன் பிறகுதான் இழுப்பார். ஆட்டத்தில் அவருக்கோ பார்ப்பவருக்கோ அருள் வந்துவிட்டால் தாங்கிப்பிடிக்க ஆள் இருக்கும். திருநீறு பூசி, தண்ணீர் கொடுத்து, அருள் மலையேறித் தணிந்த பின்தான் விடுவார்கள். கட்டியக்காரன் இடையில் வந்து ஊர்ச் சங்கதி பேசிச் சிரிக்கவைப்பதும் வீண் வேடிக்கையில்லை. துக்கத்துக்குள் மூழ்கிப்போகாமல் சற்றுத் தள்ளி நின்று பார்க்க அவன்தான் இடம் கொடுக்கிறான். உணர்ச்சி மிக நெருங்கினாலும் ஆபத்து, மிக விலகினாலும் பயனில்லை என்று சமூகவியலாளர் தாமஸ் ஷெஃப் 1979இல் எழுதியது இதைத்தான். மொரீனோ உருவாக்கிய உளநாடகச் சிகிச்சையிலும் ஆயத்தம், நடிப்பு இரண்டும் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து பகிர்ந்துகொள்வது தனிக் கட்டமாகவே இருக்கிறது.

நாம் நடத்துவதோ பெரும்பாலும் ஒருநாள் பட்டறை. காலையில் விளையாட்டு, மதியம் "உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு காட்சி". மகளிர் குழுவிலிருந்து வந்த ஒரு பெண், கணவன் குடித்துவிட்டு அடித்த இரவை நடித்துக் காட்டித் தேம்பி அழுகிறாள். கூடத்தில் எல்லோரும் கலங்கிப்போகிறார்கள். நான்கு மணிக்குக் குழுப்படம், சான்றிதழ். ஐந்து மணி பஸ்ஸில் அவள் அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். அன்றிரவு அவளுக்குத் துணை யார்? இதைச் சிகிச்சை என்று அறிக்கையில் எழுத நமக்கு உரிமை இல்லை.

இலங்கையில் போருக்கு நடுவே வேலை செய்தவர்கள், மனக்காயத்தை அவசரமாகக் கையாளக் கூடாது என்பதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் போர் தந்த மனக்காயத்தையே பொருளாக்கி 'அன்னை இட்ட தீ' நாடகத்தை எழுதினார். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குத் தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் மாதக்கணக்கில் வந்து போனார்கள். களிமண், ஓவியம், கதை, நாடகம் என்று மெதுவாகவே அங்கே வேலை நடந்தது. எந்தப் பிள்ளையையும் முதல் நாளே செத்துப்போன தகப்பனைப் பற்றிப் பேசவைக்க வேண்டிய அவசரம் அங்கே இல்லை.

கூத்தே சிகிச்சை என்று நான் சொல்லவில்லை. கூத்துக் கலைஞர் மனநல ஆலோசகர் ஆகிவிட மாட்டார். மனச்சிதைவு உள்ளவரை மருத்துவரின் ஒப்புதலின்றி மேடையேற்றுவது தவறு. ஆனால் வேஷம் கட்டவும் கலைக்கவும் தெரிந்தவர் கூத்துக் கலைஞர். அவரை மதிய உணவுக்குப் பின் அரைமணி ஆடவைத்துச் சால்வை போர்த்தி அனுப்புவதை விடுங்கள். உரிய சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளராக உட்காரவையுங்கள். பங்கேற்பவரின் சொந்தக் கதையை முதல் நாளில் கேட்காதீர்கள். பாஞ்சாலியின் கதையோ நல்லதங்காளின் கதையோ முதலில் போதும். நடித்து முடித்தவர் பாத்திரத்தை விட்டு வெளியே வர, நடிப்புக்கு ஒதுக்கிய அளவு நேரத்தை ஒதுக்குங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்குத் தகவல் சொல்லாமல் எந்த ஊரிலும் பட்டறையைத் தொடங்காதீர்கள்.

இந்த இதழுக்குப் பட்டறை அனுபவம் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்று யார் அழுதார்கள் என்பதோடு நிறுத்த வேண்டாம். மூன்று மாதம் கழித்து அவர்களைப் போய்ப் பார்த்து, எப்படி இருக்கிறார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.