வட்டக் கீறல் போட்டது உங்க பிள்ளை இல்லை



வீட்டில் கேம் டிஸ்க் கீறினால் முதல் திட்டு யாருக்கு? பையனுக்கு. இரண்டாவது திட்டு, "இதை வாங்கிக் குடுத்துக் கெடுக்கறதே நீங்கதான்" என்று அப்பாவுக்கு. மிஷினைச் செய்து விற்றவனுக்கு ஒரு திட்டும் கிடையாது. அவன் பாட்டுக்கு அடுத்த மாடலுக்கு விளம்பரம் போட்டுக்கொண்டிருப்பான் :-)

இந்தப் பதிவு அந்த மூன்றாவது ஆளுக்காக. ஒரு கன்சோல் அதற்குள் போட்ட டிஸ்கைத் தானே அறுத்துவிட்டால் பொறுப்பு யாருடையது? செய்தவனுடையது என்பது என் கட்சி. "நீங்கதான் அசைச்சிருப்பீங்க" என்று சொல்லித் தப்பிக்கவும் விடக்கூடாது. இதற்கு உலகமே பார்த்த உதாரணம் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360. 2005 நவம்பரில் அமெரிக்காவிலும், 2006 செப்டம்பரில் இந்தியாவிலும் கடைக்கு வந்தது. 2016-ல் தயாரிப்பு நின்றது. பழைய கதைதான். ஆனால் அதில் கம்பெனி சொன்ன சாக்கு மட்டும் பழசாகவே மாட்டேன் என்கிறது.

முதலில் கீறலைப் பாருங்க

கையால் விழுந்த கீறல் கோணல்மாணலாக இருக்கும். தரையில் தேய்த்தால் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். 360 போட்ட கீறல் அப்படி இல்லை. நடு ஓட்டையை மையமாக வைத்து காம்பஸில் வரைந்த மாதிரி ஒரு வட்டம். எந்தக் குழந்தையும் நகத்தாலோ கரண்டியாலோ இப்படி ஒரு வட்டம் போட முடியாது. சுற்றுகிற டிஸ்க் ஏதோ ஒன்றில் உரசினால்தான் அது வரும்.

எப்படி உரசுகிறது? சுற்றுகிற பம்பரத்தைச் சாய்க்கப் பாருங்கள், முரண்டு பிடிக்கும். டிஸ்க்கும் அப்படித்தான். நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும்போது பெட்டியைச் சாய்த்தால், பெட்டி சாயும், டிஸ்க் உடனே சாயாது. அதற்குக் கீழே சில மில்லிமீட்டர் தூரத்திலேயே லென்ஸ் பாகம் இருக்கிறது. டிஸ்க் அதில் போய் இடிக்கும். இப்படி இடித்தாலும் காயம் படாமல் இருக்கத்தான் டிரைவுக்குள் சின்ன மெத்தை மாதிரி தடுப்பு வைப்பது. 360-ல் அது வைக்கப்படவில்லை.

இன்னொரு கொடுமை. நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறலை டிவிடியின் பிழை திருத்தும் ஏற்பாடு ஓரளவு சமாளித்துவிடும். வட்டக் கீறல் தகவல் பதிந்திருக்கும் தடத்தோடு சேர்ந்தே ஓடுவதால் நீளத்துக்குத் தகவலைத் தின்றுவிடும். டிஸ்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து வெளியே துடைக்கச் சொல்வதும் இதனால்தான்.

தெரியாமல் நடந்ததா?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அமெரிக்காவில் நடந்த வழக்கில் 2008 டிசம்பரில் வெளியே வந்த ஆவணங்களில், மைக்ரோசாஃப்டின் சொந்த ஊழியர் ஒருவரின் வாக்குமூலம் இருக்கிறது. விற்பனைக்கு வருமுன்பே, டிஸ்க் நகர்ந்து கீறுகிறது என்பது டிரைவ் குழுவுக்குத் தெரியும். மூன்று வைத்தியம் யோசித்திருக்கிறார்கள்.

ஒன்று, டிஸ்கைப் பிடிக்கும் காந்தத்தை பலமாக்குவது. தட்டு திறந்து மூடுவதில் சிக்கல் வரும் என்று விட்டார்கள். இரண்டு, சுற்றும் வேகத்தைக் குறைப்பது. கேம் லோட் ஆக நேரமாகும் என்று விட்டார்கள். மூன்று, மேலே சொன்ன தடுப்பு. செலவு 3.5 கோடி முதல் 7.5 கோடி டாலர் வரை ஆகும் என்று அதையும் விட்டார்கள்.

கடைசியில் எடுத்த முடிவு? கையேட்டில் "டிஸ்க் உள்ளே இருக்கும்போது நகர்த்தாதீர்" என்று எச்சரிக்கை.

இதே கம்பெனி, இதே கன்சோலில் சிவப்பு வளையம் எரிந்து மிஷினே செத்துப்போகிற கோளாறுக்கு 2007 ஜூலையில் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. ஆக, காசும் இருந்தது, மனசு வைத்தால் முடியும் என்பதும் தெரிந்தது. டிஸ்க் விஷயத்தில் மட்டும் ஏன் இல்லை? சிவப்பு வளையத்துக்குப் பையனைக் குற்றம் சொல்ல முடியாது. கீறலுக்குச் சொல்லலாம். அவ்வளவுதான் வித்தியாசம் என்பது என் எண்ணம். 2008 ஏப்ரல் கடைசி வரை வந்த கீறல் புகார்கள் சுமார் 55,000. கொடுத்த நிவாரணம், தங்கள் சொந்த கேம்களுக்கு மட்டும், அதுவும் 20 டாலர் வாங்கிக்கொண்டு மாற்று டிஸ்க். கீறினதும் அவங்க, காசு வாங்கினதும் அவங்க!

"எச்சரிக்கை போட்டாச்சே சார்?"

நியாயமான கேள்வி. கொதிக்கிற குக்கரைத் திறக்காதே என்பதும் எச்சரிக்கைதானே? ஆமாம். ஆனால் குக்கருக்கு ஸேஃப்டி வால்வும் வைத்துத்தான் விற்கிறார்கள். எச்சரிக்கை என்பது தடுக்க முடியாத ஆபத்துக்கு. தடுக்க வழி தெரிந்தும் செலவு பார்த்து விட்ட குறைக்கு எச்சரிக்கை ஒட்டுவது, பொறுப்பை வாங்கினவன் தலையில் கட்டும் வேலை. போதாததற்கு, படுக்கவும் வைக்கலாம், நிற்கவும் வைக்கலாம் என்று சொல்லி விற்ற பெட்டி அது. குழந்தைகள் இருக்கும் வீட்டு டிவி ஸ்டாண்டில் ஒரு பெட்டி ஒருநாளும் அசையாது என்று நினைப்பவர் குழந்தை வளர்த்தவராக இருக்க முடியாது. இதில், அசைக்காமலே கீறியது என்று வழக்குப் போட்டவர்களும் உண்டு.

கோர்ட் விட்டுவிட்டதே?

இதைப் பல பேர் தப்பாகச் சொல்கிறார்கள். 2017 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் மைக்ரோசாஃப்டுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது உண்மை. கலந்துகொண்ட எட்டு நீதிபதிகளும் முடிவில் ஒத்துப்போனார்கள். நீதிபதி கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு. ஆனால் கேள்வி, டிஸ்கைக் கீறியது யார் என்பது அல்ல. எல்லோரும் கூட்டாக வழக்கு நடத்த அனுமதி மறுத்த பிறகு, சொந்த வழக்கைத் தாங்களே கைவிட்டு அதன் மூலம் மேல்முறையீடு போகலாமா என்பதுதான். போகக்கூடாது என்றார்கள். மிஷின் நல்ல மிஷின் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த அனுமதி மறுப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. புகார் செய்தவர்கள் 0.4 சதவீதம்தான், தவறாகக் கையாண்டதும் காரணமாக இருக்கலாம் என்று. யோசித்துப் பாருங்கள். பையனை இரண்டு சாத்து சாத்திவிட்டு வேறு டிஸ்க் வாங்கிய அப்பா அந்தக் கணக்கில் வருவாரா?

நம்ம நிலைமை

எங்கள் அபார்ட்மென்டில் (புனே) ஒரு திருநெல்வேலிக் குடும்பம். அவர்கள் கன்சோலில் இதே மாதிரி வட்டம் விழுந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். சர்வீஸ் சென்டருக்குத் துணைக்குப் போனேன். டிஸ்கைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "பச்சோன் நே கியா ஹோகா" என்றார் கவுண்டரில் இருந்தவர். அந்தம்மாவுக்கு இந்தி தகராறு. பையன் தலையைக் குனிந்துகொண்டான். மொழி தெரியாத ஊரில் சண்டை போட முடியாது என்பது இவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் சட்டம் இப்போது கொஞ்சம் நம் பக்கம் வந்திருக்கிறது. 360 வாங்கியவர்களுக்குக் காலம் கடந்துவிட்டது, புகாருக்கு இரண்டு வருஷக் கெடு. புதிதாக வாங்குகிறவர்களுக்கு 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது) இப்படிச் சொல்கிறது:

- வடிவமைப்பில் குறை இருந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு (பிரிவு 84).
- அந்தப் பொருளால் உங்கள் வேறொரு உடைமைக்குச் சேதம் வந்தால் அது நஷ்டஈடு கேட்கக்கூடிய "தீங்கு". தனியாகக் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் வேறு என்ன?
- சென்னையில் வாங்கியிருந்தாலும், நீங்கள் இப்போது குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். ஊர் மாறிக்கொண்டே இருக்கும் நமக்கு இதுதான் பெரிய வரம்.
- பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை.

ஜாக்கிரதை, தவறாகப் பயன்படுத்திய பொருளுக்கு விற்றவர் மேல் இந்த வழியில் போக முடியாது என்று 87-ஆம் பிரிவும் இருக்கிறது. ஆக "குழந்தைதான் செஞ்சிருக்கும்" என்ற அந்த ஒரு வரி சும்மா வாய்ப்பேச்சு இல்லை. அதை நாமே ஒத்துக்கொண்டு தலையாட்டினால் கேஸ் அங்கேயே முடிந்தது.

அதனால் டிஸ்க் கீறினால் முதலில் வெளிச்சத்தில் பிடித்து போட்டோ எடுங்கள். வட்டம் தெரியட்டும். பில்லை எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915-க்கு போன் போடுங்கள், தமிழிலும் பேசலாம்.

இவ்வளவுக்கும் முன்னால், பையனைக் கூப்பிட்டு "நீ பண்ணலைடா" என்று சொல்லிவிடுங்கள்.

டிஸ்கி: அமெரிக்காவிலிருந்து மச்சினர் கொண்டுவந்த கன்சோல் என்றால் இங்கே வாரண்டி பேசுவது கஷ்டம். அடுத்த தடவை அவரிடம் சாக்லேட் மட்டும் கேளுங்க :-)