வெப்பமானி காட்டாத சேதம்

“டெம்பரேச்சர் எழுபதைத் தாண்டலையே, அப்புறம் என்ன பயம்?” கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்களிடம் ஓவர்கிளாக்கிங், அதாவது ப்ராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி பார்ட்ஸ் வாங்கி வீட்டில் பொருத்துகிறவரும் இதைச் சொல்கிறார்; லட்ச ரூபாய்க்கு மேல் செலவழித்து லிக்விட் கூலரோடு கட்டியவரும் இதையே சொல்கிறார். நல்ல கூலர் இருக்க வேண்டும், திரையில் தெரியும் வெப்ப அளவு அடக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ப்ராசஸரை எவ்வளவு விரட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று ஏறக்குறைய எல்லோரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. இதை நம்பி நல்ல ப்ராசஸர்களைப் பறிகொடுத்தவர்கள் இருபது ஆண்டுகளாக இருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது விளங்காத விஷயமல்ல. 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்தார்கள். இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஏஎம்டியின் அத்லான் நொடிகளில் புகைந்து போனது. அந்தக் காலத்தில் சூடு உண்மையிலேயே எமன்தான். மே மாதத்தில் அறையே 35 டிகிரியைத் தாண்டிவிடும் நம் ஊரில் அந்தப் பயம் இன்னும் ஆழமாக வேரூன்றியதில் வியப்பில்லை. ஆனால் அதன் பிறகு வந்த ப்ராசஸர்கள் சூட்டிலிருந்து தம்மைத் தாமே காத்துக்கொள்கின்றன. இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகள் 100 டிகிரியை ஒட்டியதும் வேகத்தைத் தளர்த்துகின்றன. ரைசன் 7000 வரிசை, முழுச் சுமையில் 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது என்று ஏஎம்டி வெளிப்படையாகச் சொன்னது. ஓவர்கிளாக் செய்கிறவருக்கு இன்று இருக்கும் ஆபத்துகளில் மிக நன்றாகக் காவல் போடப்பட்ட ஆபத்து சூடுதான். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) நீங்கள் கையால் எழுதும் வோல்டேஜுக்கு அப்படிப்பட்ட காவல் கிடையாது. 1.45 என்று எழுதினால் 1.45 போகும்.

வோல்டேஜ் ஏறினால் சிப்புக்குள் என்ன நடக்கிறது? ட்ரான்சிஸ்டர்களை இணைக்கும் உலோக இழைகள் நானோமீட்டர்களில் அளக்கும்படி மெல்லியவை. அவற்றில் மின்னோட்டம் அடர்ந்து பாயும்போது எலக்ட்ரான்கள் உலோக அணுக்களை மோதி மெல்ல நகர்த்துகின்றன. ஓரிடத்தில் உலோகம் அரித்துப் பள்ளமாகிறது, இன்னோரிடத்தில் குவிகிறது. எலக்ட்ரோமைக்ரேஷன் என்பது இதுதான். மோட்டரோலாவில் பணியாற்றிய ஜேம்ஸ் பிளாக் 1960-களின் இறுதியில் இந்த இழைகளின் ஆயுளுக்கு ஒரு சமன்பாடு தந்தார். அதில் வெப்பம் இருக்கிறது. மின்னோட்ட அடர்த்தியும் இருக்கிறது. அடர்த்தி இரட்டித்தால் ஆயுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பது அவர் கணக்கு. இன்னொரு தேய்மானம் ட்ரான்சிஸ்டரின் வாயிலில் நடக்கிறது. அங்குள்ள மின்காப்புப் படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான். வோல்டேஜ் ஏற ஏற அதன் மீதான மின்புலம் ஏறுகிறது, படலத்தில் குறைகள் சேர்கின்றன, ட்ரான்சிஸ்டர் மந்தமாகிறது. நேற்று 1.25 வோல்ட்டில் ஓடிய அதே வேகத்துக்கு இன்று கூடுதல் வோல்டேஜ் தேவைப்படுகிறது. வோல்டேஜ் சிறிது ஏறினாலே இந்தத் தேய்மானம் பல மடங்கு விரைகிறது. கூலரால் சூட்டை இறக்க முடியும். படலத்தின் மீதான மின்புலத்தை இறக்க முடியாது. காய்ச்சல் இல்லை என்று வெப்பமானி காட்டுவதை வைத்து, இவருக்கு ரத்த அழுத்தமும் இல்லை என்று எந்த வைத்தியரும் சொல்ல மாட்டார்.

சூடு முக்கியமில்லை என்று நான் வாதாடவில்லை. பிளாக்கின் சமன்பாட்டிலேயே அது இருக்கிறது. குளிர்ச்சியான சிப் மெதுவாகத்தான் தேயும். ஆனால் பெரிய கூலர் வாங்கியவர் அந்தக் குளிர்ச்சியைச் சேமித்து வைப்பதில்லை, செலவழிக்கிறார். பத்து டிகிரி மிச்சம் இருக்கிறதே என்று வோல்டேஜை இன்னும் ஒரு படி ஏற்றுகிறார். 1.20 வோல்ட்டை 1.35 ஆக்கி வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால், ப்ராசஸர் இழுக்கும் இயக்க மின்சாரம் ஏறக்குறைய 39 சதவீதம் கூடும். வோல்டேஜின் வர்க்கத்தை வேகத்தால் பெருக்கிப் பார்த்தால் போதும், கணக்கு வந்துவிடும். கூலர் அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். எண் அடக்கமாகவே இருக்கும். உள்ளே தேய்மானம் நடந்துகொண்டிருக்கும்.

2002-இல் வந்த நார்த்வுட் வகை பென்டியம் 4 இதற்கு முதல் பெரிய சாட்சி. சுமார் 1.5 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்ட சிப் அது. 1.7-ஐ ஒட்டி ஏற்றினால் நல்ல வேகம் கிடைத்தது. சில வாரமோ சில மாதமோ கிடைத்தது. பிறகு, ஓடிய வேகத்திலேயே தடுமாற ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்தார்கள், கொஞ்ச நாளில் அதிலும் தடுமாறியது. கடைசியில் அடியோடு நின்றது. ‘திடீர் நார்த்வுட் மரணம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். சாவு திடீரென்று வரவில்லை. முதல் நாளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. வெப்ப எண்ணில் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அது பழங்கதை என்பவர்கள் 2024-ஐப் பார்க்க வேண்டும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைக் கோர் ப்ராசஸர்களை, முக்கியமாக ஐ9 வகைகளை, வாங்கியவர்களின் கம்ப்யூட்டர்களில் அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் பாதியில் விழுந்தன. வீடியோ மெமரி போதவில்லை என்று திரையில் வந்ததால் பலர் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். கோளாறு ப்ராசஸரில் இருந்தது. சிப்புக்குள் இருக்கும் மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வந்த திருத்தம் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில் முழு விளக்கம் வந்தது: கோருக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் சுற்று, ஏறிய வோல்டேஜாலும் வெப்பத்தாலும் மூப்படைகிறது. அதற்கு இட்டுச்சென்ற நிலைமைகளாக இன்டெல் நான்கைச் சொன்னது. அவற்றில் ஒன்றை, வெப்ப எண்ணை நம்புகிற ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும், லேசான வேலை செய்யும்போதும்கூட ப்ராசஸர் அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டது. சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் வெப்பம் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அந்த நேரத்திலும் சேதம் நடந்தது. வாரண்டியை இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே மூப்படைந்த சிப்பை எந்தத் திருத்தமும் மீட்காது என்பதும் தெளிவானது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் ஓவர்கிளாக் செய்யாதவர்கள். தயாரித்தவரே வைத்த அளவு தவறும்போது இந்தக் கதி என்றால், நள்ளிரவில் ஒரு வீடியோவைப் பார்த்து நாம் வைக்கும் அளவு எம்மாத்திரம்?

அதற்கு முந்தைய ஆண்டு ஏஎம்டி பக்கம். 2023 ஏப்ரலில் வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி சிப்புகள் சில, சாக்கெட்டிலேயே வீங்கிக் கருகின. ராம் வேகத்துக்காக எக்ஸ்போ அமைப்பைத் தட்டிவிட்டால், சில மதர்போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசஸரில் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் வோல்டேஜை) உயர்த்திவிட்டன. அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போடும் பயாஸ் திருத்தத்தை ஏஎம்டி வெளியிட்டது. அங்கேயும் மருந்து வோல்டேஜ் வரம்புதான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமாகவே கேட்கப்படுவது: “ரைசன் தானாகவே 1.4-க்கு மேல் போகிறதே, நான் அதே அளவு வைத்தால் என்ன?” ப்ராசஸர் அந்த அளவுக்குப் போவது ஓரிரு கோர் மட்டும் கண நேரம் உழைக்கும்போது. அப்போது மின்னோட்டம் குறைவு. எல்லாக் கோரும் உழைக்கத் தொடங்கியதும் அதுவே வோல்டேஜை இறக்கிக்கொள்கிறது. நீங்கள் 1.4-ஐ நிலையாகக் கட்டிவிட்டால் அந்த இறக்கம் ரத்தாகிறது; முழுச் சுமையின் மின்னோட்டமும் உச்ச வோல்டேஜும் சேர்ந்து விழுகின்றன. திரவ ஹீலியம் ஊற்றி, 2022 இறுதியில் கோர் ஐ9-13900கே-யை 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோனார்களே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சாதனைக்கு வேகத்தைப் பதிவுசெய்யும் நேரம்வரை சிப் தாங்கினால் போதும். உங்கள் சிப் ஐந்து ஆண்டு தாங்க வேண்டும்.

ஒரு மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓடியது என்பதும் சான்றாகாது. அது அன்றைய நிலையை மட்டும் சொல்லும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் கம்ப்யூட்டர்களின் பழுதுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், ஓவர்கிளாக் செய்தவை மற்றவற்றைவிட மிக அதிகமாக முடங்கியதாகக் கண்டார்கள். சிறிதளவு ஏற்றியவைகூட விதிவிலக்கல்ல.

ஓவர்கிளாக் செய்யவே கூடாது என்பது என் கருத்தல்ல. அது கற்றுத்தரும் விஷயங்கள் பல. 1998-இல் 300 மெகாஹெர்ட்ஸ் செலிரானை 450-க்குக் கொண்டுபோனவர்கள் அடைந்த மகிழ்ச்சி நியாயமானது. வரிசையைத் தலைகீழாக்க வேண்டும், அதுதான் என் கோரிக்கை. முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். எதையும் தொடாமல் முழுச் சுமையில் உங்கள் சிப் எத்தனை வோல்ட்டில் ஓடுகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். வோல்டேஜை ஏற்றாமல் வேகத்தை மட்டும் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். தடுமாறும் இடம் வந்தால், கூடுதலாக எவ்வளவு தரலாம் என்ற உச்சவரம்பை வெப்பம் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பிறகு கூலர் எவ்வளவு குளிர்ந்தாலும் அதைத் தாண்டாதீர்கள். வேகத்தை ஏற்றிவிட்டு வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விடாதீர்கள், பல மதர்போர்டுகள் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுக்கும். சுமையில் வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் லோட்லைன் அமைப்பை உச்சத்தில் வைக்காதீர்கள். சுமை சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் மேலே துள்ளும். நொடிக்கு ஒருமுறை படிக்கும் மென்பொருளின் கண்ணில் அது படாது. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பாதுகாப்பு எண்ணை என்னிடம் கேட்காதீர்கள். நார்த்வுட்டைக் கொன்றது 1.7, ரைசன் 7000 சிப்பின் எஸ்ஓசி பகுதிக்கு 1.3-ஏ எல்லை.

இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. இன்றைய ப்ராசஸர்கள் தம் எல்லையை ஒட்டியே விற்பனைக்கு வருகின்றன. கையால் ஏற்றிக் கிடைப்பது பெரும்பாலும் சில சதவீதம்தான். ரைசனில் கர்வ் ஆப்டிமைசரைக் கொண்டு வோல்டேஜைச் சற்று இறக்கினால், மிச்சமாகும் மின்சாரத்திலும் வெப்பத்திலும் சிப் தானாகவே கூடுதல் வேகம் எடுக்கும். அதிகமாக இறக்கிவிட்டால் கம்ப்யூட்டர் உறைந்துபோகும், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், சிப்புக்குச் சேதமில்லை.

ஓவர்கிளாக்கால் வரும் சேதத்தை இன்டெல், ஏஎம்டி இரண்டின் வாரண்டியும் ஏற்பதில்லை. ஒரு ப்ராசஸரின் விலை இங்கே பலருக்கு ஒரு மாதச் சம்பளம். அடுத்த முறை ஒரு நண்பர் தம் ஓவர்கிளாக்கைக் காட்டி வெப்பம் எவ்வளவு குறைவு பார் என்றால், முழுச் சுமையில் எத்தனை வோல்ட் போகிறது என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியவில்லை என்றால், உட்கார்ந்து அவரோடு சேர்ந்து பயாஸைத் திறந்து அந்த எண்ணை இறக்குங்கள்.