பிரிட்டனில் கையெழுத்து, எண்ணூர் சாலையில் வரிசை

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகம் நோக்கி நிற்கும் டிரெய்லர் வரிசையில், வண்டி நிழலில் அடுப்பு மூட்டிச் சோறு வடிக்கும் ஓட்டுநர்களைத் தண்டையார்பேட்டைக்காரர்கள் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலேயுள்ள கண்டெய்னரில் ஆம்பூர் காலணி இருக்கலாம், இறால் இருக்கலாம். வாங்கும் நாடு போடும் வரி உயர்ந்தால் இவர்களுக்கு நடை குறையும்.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நம் காலணிக்கும் ஆயத்த ஆடைக்கும் இறாலுக்கும் அங்கே வரி நீங்க வழி பிறந்தது. அவர்களுடைய விஸ்கிக்கும் காருக்கும் இங்கே வரி குறையும். பிரிட்டனில், 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தை உறுதிசெய்யும் முன் நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாள்கள் வைத்தாக வேண்டும். நமக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. உள்நாட்டுச் சட்டம் மாற வேண்டியிருந்தால்தான் அரசமைப்பின் 253ஆவது பிரிவின்கீழ் நாடாளுமன்றத்துக்கு வேலை வருகிறது. சுங்க வரிக் குறைப்புக்குப் பெரும்பாலும் ஓர் அறிவிக்கையே போதும்.

அரசின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பேரம் நடக்கும்போது எதுவரை இறங்கி வருவோம் என்று எதிராளிக்குக் காட்டிக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் 2009இல் ஆசியான் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, எங்களைக் கேட்டீர்களா என்று கேரளத்து விவசாயிகள் எழுப்பிய கேள்வியும் நியாயமானதே.

இரண்டுக்கும் இடமுண்டு. ஒப்பந்தங்களை முறைப்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசமைப்பு மறுஆய்வு ஆணையம் 2002இலேயே பரிந்துரைத்தது. அந்தச் சட்டம் வரும்வரை, வர்த்தகத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் பேச்சின் போக்கை அரசு முன்கூட்டியே விளக்கலாம். குழுக் கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதால் இரகசியமும் கெடாது.

நம் பங்கும் இதில் இருக்கிறது. இறக்குமதி கூடினால் கண்டெய்னர் யார்டில் சுமைப்பணி கூடும். பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்கு ஆர்டர் குறையலாம். இருவரும் அண்டை வீட்டுக்காரர்கள். நிலைக்குழு கருத்துக் கேட்டு விளம்பரம் தரும்போது, லாரிக்காரர்களும் பட்டறைக்காரர்களும் காசிமேட்டு மீனவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒத்துப்போவதையும் போகாததையும் சேர்த்தே ஒரு மனுவாக எழுதலாம். அதன் நகலை வடசென்னை மக்களவை உறுப்பினரிடம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், நேரில் கொடுக்கலாம்.