மாற்றுப்பெயர் முகவரியும் வந்து சேராத கடிதங்களும்

பத்திரிகைக் காரியாலயத்திற்கு ‘ஆசிரியர்’ என்று விலாசமிட்டு வருகின்ற கடிதத்தை, அன்றைய தினம் அந்தக் கதிரையில் யார் அமர்ந்திருக்கின்றாரோ அவரே பிரித்துப் படிப்பார். ஆசிரியர் ஓய்வுபெறலாம், நாட்டை விட்டே போய்விடலாம், விலாசம் மாறுவதில்லை. நாற்பது வருடங்களுக்கு மேலாக இந்த ஒழுங்கிலேயே பழகிய நான், சொந்தமாக ஓர் ஆள்களப் பெயரை வாங்கி, அதன்கீழ் ‘ஆசிரியர்’, ‘கட்டுரை’, ‘தொடர்பு’ என மூன்று மாற்றுப்பெயர் மின்னஞ்சல் முகவரிகளை ஏற்படுத்தியபோது, இங்கும் அதே ஒழுங்கு தானாகவே நடந்தேறும் என நம்பியிருந்தேன். அது எத்தகைய அறியாமை என்பதைச் சென்ற வருடம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு உணர்த்தியது.

அழைத்தவர் எங்கள் பத்திரிகையில் ஈய எழுத்துக் காலம் தொட்டு அச்சுக்கோப்பாளராகப் பணியாற்றி, பின்னர் கனடாவில் குடியேறிய நண்பர் ஒருவரின் மனைவி. நண்பர் காலமாகி ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன. மரணச் செய்தியையே நான் அப்போதுதான் அறிந்தேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குச் சில வரிகள் எழுதித் தருமாறு கேட்டு அந்த அம்மையார் இரண்டு தடவைகள் மின்னஞ்சல் அனுப்பியிருக்கின்றார். பதில் கிடைக்காததால் மலர் என் வரிகள் இன்றியே அச்சாகிவிட்டது. “நீங்கள் சுகமில்லாமல் இருக்கிறியளோ எண்டுதான் யோசிச்சனாங்கள், அண்ணை” என்றார். குறையாக ஒரு சொல்லும் கூறவில்லை. கூறியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவே கணினியின் முன் அமர்ந்து, என் ஜிமெயில் கணக்கிலிருந்து ‘ஆசிரியர்’ முகவரிக்கு நானே ஒரு கடிதம் அனுப்பினேன். அது வந்து சேரவில்லை. சகோதரியின் மகன் கணினித் துறையில் இருப்பவன். அவனிடம் முறையிட்டேன். “மாமா, நீங்கள் உங்களுக்கே எழுதிப் பார்த்தால் ஒண்டும் விளங்காது. வேறை ஆரையேன் கொண்டு எழுதுவியுங்கோ” என்றான். அவன் கூறியதே சரி. ஜிமெயிலிலிருந்து அனுப்பிய கடிதம் மாற்றுப்பெயர் முகவரி வழியாகச் சுற்றி அதே ஜிமெயில் கணக்கிற்குத் திரும்பும்போது, அதனை ஏற்கனவே உள்ள கடிதத்தின் மறுபிரதியாகக் கருதி அச்சேவை உள்பெட்டியில் காட்டுவதில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே பழுதாகத் தோற்றமளிக்கின்ற சோதனை அது. இந்த ஒரு விடயத்தை அறியாமல் நாட்கணக்கில் அலைந்தவர்கள் பலர் இருப்பர் என்றே எண்ணுகிறேன்.

மாற்றுப்பெயர் முகவரி என்பது ஓர் அஞ்சற்பெட்டியல்ல. “இந்தப் பெயருக்கு வருவதை அந்தப் பெட்டியில் போடு” என்ற கட்டளை மாத்திரமே. அக்கட்டளையை நிறைவேற்றும் வழங்கிக்குக் கடிதம் முதலில் போய்ச்சேர வேண்டும். எந்த வழங்கிக்குப் போவது என்பதை, ஆள்களப் பெயருக்குரிய பதிவேட்டிலுள்ள எம்.எக்ஸ். எனப்படும் குறிப்பே தீர்மானிக்கின்றது. 1986ஆம் ஆண்டு முதல் இதுதான் நடைமுறை. ஒரு பெயருக்கு இத்தகைய பல குறிப்புகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. சிறிய இலக்கத்திற்கே முன்னுரிமை. இரண்டுக்கும் ஒரே இலக்கம் இருந்தால், அனுப்புகின்ற வழங்கி அவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்.

என் விடயத்தில் நடந்தது இதுவே. இரண்டு வருடங்களுக்கு முன்னர் அஞ்சல் சேவையை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினேன். புதிய குறிப்புகளைச் சேர்த்தேனே தவிர, பழைய குறிப்பை நீக்கவில்லை. இரண்டுக்கும் இலக்கம் பத்து. எனவே கடிதங்களில் ஒரு பகுதி புதிய வழங்கிக்கும் மறுபகுதி பழைய வழங்கிக்கும் சென்றுகொண்டிருந்தன. பழைய வழங்கியிலிருந்த பெட்டியும் மூடப்படவில்லை; அது மரியாதையாகக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டது. மருமகன் அப்பெட்டியைத் திறந்தபோது நாற்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள் இருந்தன. அம்மையாரின் இரு கடிதங்களும் அவற்றுள் அடக்கம். பாதிக் கடிதங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததே என்னை ஏமாற்றியது. ஒன்றுமே வராதிருந்தால் ஒரு வாரத்திலேயே விழித்துக்கொண்டிருப்பேன்.

இன்னொரு தவறும் பரவலாக நிகழ்கின்றது. பெயரை வாங்கிய இடத்திலுள்ள பக்கத்தில் குறிப்புகளைத் திருத்திவிட்டு, ஏன் பலிக்கவில்லை என்று காத்திருப்பார்கள். அப்பெயருக்கான பதிவேடு உண்மையில் வேறொரு நிறுவனத்தின் பெயர் வழங்கியில் இருக்கும். அவ்வாறாயின் 48 மணித்தியாலங்கள் அல்ல, 48 மாதங்கள் காத்திருந்தாலும் பயனில்லை. முதலில் பதிவேடு எங்கே இருக்கின்றது என்பதை அறியவேண்டும்.

பழைய குறிப்பை நீக்கிய பின்னரும் சில கடிதங்கள் வராதிருந்தன. இதற்குக் காரணம் வேறு. நான் ‘தொடர்பு’ முகவரிக்கு வருவனவற்றை என் ஜிமெயில் கணக்கிற்கு வழிமாற்றி அனுப்புமாறு ஒழுங்கு செய்திருந்தேன். ஓர் ஆள்களப் பெயரின் சார்பில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள வழங்கிகள் எவையென்று அறிவிக்கின்ற குறிப்பு எஸ்.பி.எவ். எனப்படுகிறது. வழிமாற்றும்போது, அனுப்பியவரின் வழங்கியிலிருந்தன்றி என் வழங்கியிலிருந்தே கடிதம் சென்றடைகின்றது. பெறுபவரின் கண்ணில் அது ஆள்மாறாட்டம். கடிதத்திலே டி.கே.ஐ.எம். என்ற மின்னொப்பம் சிதையாமல் இருந்தால் தப்பிக்கலாம். இல்லையெனில் அனுப்பியவரின் ஆள்களப் பெயர் தனது டிமார்க் கொள்கையில் “நிராகரி” என்று கூறியிருந்தால் கடிதம் அவ்வளவுதான். 2014 ஏப்ரலில் யாகூ நிறுவனம் அத்தகைய கொள்கையை அறிவித்தபோது உலகெங்கும் எத்தனையோ மின்னஞ்சற் குழுக்கள் நிலைகுலைந்தன. 2024 பெப்ரவரி முதல் கூகிளும் யாகூவும் தங்கள் பயனர்களுக்கு எழுதுகின்ற எவரிடமும் எஸ்.பி.எவ். அல்லது டி.கே.ஐ.எம். இரண்டிலொன்றாவது இருக்கவேண்டும் எனக் கோருகின்றன; நாளொன்றுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு இரண்டும், டிமார்க்கும் வேண்டும்.

ஆகவே வழிமாற்றுவதை விட, பெட்டி இருக்கின்ற அதே சேவையில் மாற்றுப்பெயரை வைத்துக்கொள்வதே மேலானது. கூகிளின் வேர்க்ஸ்பேஸ் சேவையில் ஒரு பயனருக்கு 30 மாற்றுப்பெயர்கள் வரை மேலதிகக் கட்டணமின்றி வைத்துக்கொள்ளலாம். அவை நடைமுறைக்கு வர 24 மணித்தியாலங்கள் வரை செல்லலாம். நான் இப்போது பயன்படுத்துவது வேறொரு சேவை. அங்கும் ஏறத்தாழ இதே ஒழுங்குதான்.

பதில் எழுதும்போதும் கவனம் தேவை. ‘ஆசிரியர்’ என்ற பெயரில் பதில் செல்லவேண்டுமானால், அதை அனுப்புகின்ற வழங்கி எஸ்.பி.எவ். குறிப்பில் இடம்பெற்றிருக்க வேண்டும். ஓர் ஆள்களப் பெயருக்கு அத்தகைய குறிப்பு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். புதிய சேவைக்கென இரண்டாவது குறிப்பைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாதவையாகிவிடும். அச்சுப்பிழை திருத்துவதில் காலம் கழித்தவனாகிய நானே இந்தப் பிழையையும் விட்டிருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இனி என் கருத்து. பெயர் தெரியாத முகவரிகளுக்கு வருவனவற்றையும் சேர்த்து அள்ளுகின்ற ‘அனைத்தையும் ஏற்கும்’ முகவரியைப் பலரும் சிபாரிசு செய்கின்றனர். நான் அதற்கு எதிரானவன். எழுத்துப்பிழையுடன் வருகின்ற கடிதம் குப்பை அஞ்சல்களோடு சேர்ந்து புதைந்துபோவதைக் காட்டிலும், “அப்படி ஒருவர் இங்கில்லை” என்ற அறிவிப்புடன் அனுப்பியவரிடமே திரும்புவது நாகரிகமானது. எங்கள் தபாற்காரர் ஆளில்லாத வீட்டுக் கடிதத்தைக் கிணற்றில் போட்டுவிட்டுப் போவதில்லை. குறிப்பெழுதித் திருப்பியே அனுப்புவார். அம்மையாரின் முதற்கடிதம் அவ்வாறு திரும்பியிருந்தால், அவர் அன்றே தொலைபேசியை எடுத்திருப்பார். ஆளில்லாத பெட்டியைத் திறந்து வைத்துக் கடிதங்களை வாங்கிக்கொண்டிருப்பதுதான் ஆகக் கொடிய குற்றம்.

தனிமனிதனாகிய என்னுடைய கதி இதுவென்றால், எங்கள் சங்கங்களின் நிலைமை என்ன? பழைய மாணவர் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், ஊர் ஒன்றியங்கள் பலவும் இன்று சொந்த ஆள்களப் பெயருடன் ‘செயலாளர்’, ‘பொருளாளர்’ என்ற முகவரிகளை வைத்திருக்கின்றன. பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும். மாற்றுப்பெயரோ மூன்று நிர்வாகங்களுக்கு முந்திய செயலாளரின் சொந்தக் கணக்கையே இன்னமும் காட்டிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து ஒரு பாடசாலை அதிபர் கட்டட நிதி கேட்டு எழுதுவார். லண்டனிலோ சிட்னியிலோ ஓய்வாக இருக்கின்ற முன்னாள் செயலாளர் அதைப் பார்க்காமலே விட்டுவிடுவார். கணக்கறிக்கையைக் கையளிப்பது போல முகவரிகளின் சாவியையும் கையளிப்பதை யாப்பிலேயே ஏன் எழுதி வைக்கக்கூடாது?

ஆள்களப் பெயரின் புதுப்பித்தல் அறிவித்தல் செல்கின்ற முகவரி, அதே ஆள்களப் பெயரின்கீழ் இருப்பது மற்றுமொரு பேராபத்து. பெயர் காலாவதியானதும் அம்முகவரியும் செயலிழந்துவிடும்; எச்சரிக்கை எவருக்கும் எட்டாது. டொட் கொம் போன்ற பெயர்களுக்கு, நீக்கப்பட்ட பின்னரும் 30 நாட்கள் மீட்பதற்கு அவகாசம் உண்டு. ஆனால் அதற்கான கட்டணம் சாதாரண புதுப்பித்தலைவிடப் பெரும்பாலும் பன்மடங்கு அதிகம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, இலவச முகவரி ஒன்றே போதாதா என்று மருமகனே கேட்டான். நியாயமான கேள்விதான். சொந்த ஆள்களப் பெயருக்கென கூகிள் 2006இல் இலவசமாகத் தொடங்கிய சேவை 2012 டிசெம்பரில் புதியவர்களுக்கு மூடப்பட்டது; 2022இல் பழையவர்களையும் கட்டணத்திற்கு மாறுமாறு முதலில் அறிவித்து, பின்னர் தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு மாத்திரம் விலக்களித்தது. அவ்வேளை பெயரைத் தம் கையில் வைத்திருந்தோர் வேறொரு சேவைக்கு விலாசம் மாறாமலே செல்ல முடிந்தது. வாடகை வீட்டைக் காலி செய்தாலும் விலாசத்தைக் கையோடு கொண்டுபோகக்கூடிய வசதி வேறெங்கும் இல்லை. ஆகையால் தொல்லையைப் பொறுத்துக்கொள்வது என்றே தீர்மானித்தேன்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, வெவ்வேறு சேவைகளைப் பயன்படுத்துகின்ற இரண்டு நண்பர்கள் என் மூன்று முகவரிகளுக்கும் ஒவ்வொரு வரி எழுதியனுப்புகின்றனர். வந்த கடிதங்களின் தலைப்புப் பகுதியில் மூன்று சோதனைகளும் தேறியுள்ளனவா எனப் பார்க்கிறேன். ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற முகவரியையும் புதிதாகச் சேர்த்துள்ளேன். அஞ்சல் பெறுகின்ற ஒவ்வோர் ஆள்களப் பெயரிலும் அது இருக்கவேண்டும் என்பது இணைய விதி. பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதேயில்லை. பழைய வழங்கியிலிருந்த பெட்டியை மூடிவிட்டேன். அதிலிருந்த கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதினேன். நண்பரைப் பற்றிய வரிகளையும் எழுதி அந்த அம்மையாருக்கு அனுப்பிவைத்தேன். கிடைத்ததா என்பதைத் தொலைபேசியில் அழைத்தே கேட்டுக்கொண்டேன்.