வளர்ப்பால் நலிந்த நட்சத்திர ஆமைகள்

நட்சத்திர ஆமையின் ஓட்டைத் தொட்டுப் பார்த்தாலே அது வளர்ந்த விதம் ஓரளவு தெரிந்துவிடும். ஒரு வயதைக் கடந்த ஆமையின் ஓடு விரல் அழுத்தத்துக்கு நெகிழக் கூடாது. நெகிழ்ந்தால் உணவில் கால்சியமும், உடலில் பட வேண்டிய புற ஊதா பி கதிரும் நெடுநாள் குறைந்திருக்கின்றன. தினமும் வெயிலில்தான் வைக்கிறோம் என்று வளர்ப்பவர் சொல்லலாம். மூடிய கண்ணாடி சன்னல் வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் அநேகமாக இருப்பதில்லை. ஆகவே எங்கே வைத்தார்கள் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

ஓட்டின் கட்டங்கள் கூம்பு கூம்பாக எழும்பியிருப்பதைக் கணிப்பதில் நிதானம் தேவை. காட்டில் வாழும் நட்சத்திர ஆமைகளுக்கே கட்டங்கள் சற்று மேடாக இருப்பதுண்டு. கட்டங்களுக்கு இடையே ஆழ்ந்த பள்ளமும், கோணலான வளர்ச்சியும், பின்னங்கால்களில் தளர்ச்சியும் சேர்ந்திருந்தால்தான் அது வளர்ப்பின் குறை. இதற்குப் புரத உணவையே காரணமாகச் சொல்லும் வழக்கம் நெடுநாள் இருந்தது. ஆப்பிரிக்க சுல்காட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்துச் செய்து 2003இல் வெளியான ஆய்வில், புரதத்தைவிடச் சுற்றுப்புறத்தின் வறட்சியே பெரிய காரணமாகத் தெரிந்தது. குளிரூட்டிய அறையின் டைல்ஸ் தரையில் வளரும் குஞ்சுக்கு இந்த வறட்சி இரவும் பகலும் உண்டு. எழும்பிய ஓடு பழையபடி தணியாது. புதிதாக வளரும் பகுதியைத்தான் சீராக்க முடியும்.

இமை வீங்கியதும் வைட்டமின் ஏ ஊசி போடும் அவசரம் கைவிடப்பட வேண்டும். கீரையும் புல்லும் தின்னும் ஆமைக்கு அந்தக் குறை அரிது. கண் தொற்று, நீரிழப்பு, தூசி ஆகியவற்றையே முதலில் ஆராய வேண்டும். அளவு மிஞ்சிய ஊசியால் தோல் உரிந்து புண்ணாகி, ஆமை இறக்கவும் கூடும். ஒட்டுண்ணிகளுக்குத் தரப்படும் ஐவர்மெக்டின் மருந்தும் ஆமைகளுக்கு எந்த அளவிலும் கூடாது.

மூக்கில் நுரை, வாய் திறந்த மூச்சு, நீண்டு வளைந்த அலகு, கல் சேர்ந்த சிறுநீர்ப்பை ஆகியவையும் அடிக்கடி காணப்படுபவை. தரை ஆமை என்று அறியாமல் தண்ணீர்த் தொட்டியில் விடப்பட்டவையும் சிகிச்சைக்கு வருகின்றன. இவற்றுக்கு நீந்தத் தெரியாது.

சிகிச்சையின் வரிசை முக்கியம். குளிர்ந்த உடலில் செரிமானமும் நடக்காது, மருந்தும் சரியாக வேலை செய்யாது. எனவே முதலில் வெப்பம்: ஒரு மூலையில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், மறுமூலையில் ஒதுங்க நிழல். அடுத்தது நீர்: தலை மூழ்காத ஆழத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் கால் மணி நேரம். நீர்ச்சத்து தேறிய பிறகே உணவும் மருந்தும். மெலிந்த ஆமைக்கு முதல் நாளே வயிறு நிறையக் குழாய்வழி ஊட்டுவது ஆபத்து. அருகம்புல், செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஆகியவை அன்றாட உணவாகலாம். பால், சோறு, ரொட்டி, நாய்த் தீனி அடியோடு நிறுத்தப்பட வேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைத்தால்தான் முன்னேற்றம் தெரியும். மென்மையான ஓடு இறுக மாதங்கள் ஆகும்.

நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதற்கு இந்தியச் சட்டம் இடம் தருவதில்லை. 2019இல் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் இது சேர்க்கப்பட்டதால் பன்னாட்டு வணிகமும் அடைபட்டிருக்கிறது. வழக்குக்கு அஞ்சியே பலர் ஆமை சாகும் நிலைக்கு வந்த பின் கொண்டுவருகிறார்கள். சிலர் இரவோடு இரவாகக் காட்டோரம் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் தொற்றிய நோய்க்கிருமிகள் அங்குள்ள ஆமைகளுக்குப் பரவலாம். எந்த வட்டாரத்தில் பிடிபட்டது என்று தெரியாத ஆமையின் கலப்பும் அங்குள்ள இனத்துக்கு நல்லதல்ல. உயிர் காக்கும் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைக்கும் வழியை மருத்துவரே வளர்ப்பவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.