கர்ப்பிணியும் நோயாளியும்

நோயுற்ற மூத்தோருக்குப் பணிவிடை செய்வது நமது குடும்ப தர்மங்களில் தலையாயது. இதை மறுப்பார் ஒருவருமில்லை. ஆனால், அந்தத் தர்மத்தின் பாரம் யார் தோளில் ஏறுகிறது என்று கேட்பாரும் அநேகமாக இல்லை. மாமனார் பக்கவாதத்தால் விழுந்தாலும், மாமியாருக்குப் புற்றுநோய் கண்டாலும், இரவும் பகலும் கட்டிலருகே நிற்பவள் பெரும்பாலும் மருமகளே. அவள் கர்ப்பவதியாக இருக்கும்போதும் இந்த ஏற்பாடு மாறுவதில்லை. அவளுடைய பொறுமைக்குப் புகழ் கிடைக்கிறது; ஓய்வு கிடைப்பதில்லை.

இது வெறும் அனுதாபத்துக்குரிய விஷயமன்று. காசநோய் இருமலினால் காற்றின் வழியே பரவுவது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவரின் சிறுநீரிலும் வாந்தியிலும் அம்மருந்து ஏறக்குறைய இரண்டு நாட்கள் வரை வெளிப்படும். கர்ப்பிணி அவற்றைத் தொட்டுச் சுத்தம் செய்தல் ஆகாது என்பது வைத்தியர்களின் எச்சரிக்கை. அசைய இயலாதவரைத் தனியே தூக்கிப் புரட்டுவது நிறைமாதக்காரி செய்யத்தக்க வேலையா?

1961-ல் இயற்றப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, சம்பளத்துடன் கூடிய ஓய்வு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. நல்ல காரியமே. எனினும், சம்பளமில்லாத வீட்டுப் பணிவிடைக்கு விடுமுறை தரும் சட்டம் எங்கே?

தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கான உதவித் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரைத் தாங்கியுள்ளது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அம்மையார், அயராது பாடுபட்டு 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை நிறுவினார். தாயையும் நோயாளியையும் ஒருங்கே கருதிய உள்ளம் அது. அரசாங்கத்தின் கண்ணும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். படுக்கையிலிருக்கும் நோயாளிகளுக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை அளிக்க, 2021 ஆகஸ்டு 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றது. கர்ப்பிணியின் பெயரைப் பதியும் கிராம சுகாதாரச் செவிலியர், "வீட்டில் நோயாளி உண்டா? பார்த்துக்கொள்பவர் யார்?" என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கட்டும். ஆம் என்னும் வீடுகளுக்கு ஆதரவுச் சிகிச்சை செய்வோர் முதலில் செல்லட்டும். இதற்குப் புதிய இலாகா வேண்டியதில்லை. ஒரு உத்தரவு போதும்.

ஆயினும், நள்ளிரவில் நோயாளி தண்ணீர் கேட்கும்போது சர்க்கார் வந்து நிற்காது. அங்கே எழவேண்டியவர் ஆடவரே. தந்தைக்கு மகன் செய்யவேண்டிய பணிவிடை மனைவியின் கை வழியாகவே செல்லவேண்டுமென்று எத்தர்மமும் விதிக்கவில்லை. மலச்சட்டியை எடுப்பதாலும், படுக்கை விரிப்பைத் துவைப்பதாலும் ஆண்மை குன்றிவிடாது. பொதுமேடைகளில் மாதர் முன்னேற்றம் பேசும் அன்பர்கள் அப்பேச்சைத் தங்கள் வீட்டில் இன்றிரவே தொடங்குவார்களாக. பிறக்கப்போகும் குழந்தையும் தேசத்தின் பிரஜையே. அதன் நலனைப் பணயம் வைத்துப் பெறும் பணிவிடையை எந்தப் பெரியவரும் விரும்பமாட்டார்.